வெடிப்பு முதலோ, சுவர் முதலோ

ஐந்தாவது திருகாணி இறங்க மறுத்தது. தேவமலர் இரண்டு விரலால் பிடித்து முறுக்கிப் பார்த்தாள். பாதி தூரம் போய் நின்றுகொண்டது. சவப்பெட்டியின் மூடியை வீட்டுக்காரரே பூட்டலாம் என்று அடக்க ஒழுங்குகளைச் செய்துகொடுக்கும் டேனிஷ்காரர் சொன்னபோது, மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, அவள்தான் முன்னுக்கு வந்தாள். இருந்த ஒரே தம்பி. வேறு யார் பூட்டுவது?

"ஒரு சுற்றுப் பின்னுக்குத் திருப்புங்கள். பிறகு முன்னுக்கு" என்றார் அந்த மனிதர் டேனிஷில், மெதுவாக.

திருப்பினாள். பிறகு அது தானாகவே போவது போல இறங்கியது. பாலேந்திரா பக்கத்தில் நின்றிருந்தால், அது ஏன் அப்படி என்று அந்த ஆளைப் பிடித்து வைத்துக் கேட்டிருப்பான். இது எட்டு நாளில் எத்தனையாவது தடவையோ, அவன் உள்ளே படுத்திருக்கிறான் என்பதை அவள் மறந்துபோனாள்.

ஐம்பத்தைந்து வயது. போன செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகச் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. புரொண்பியில் அவள் குடியிருக்கும் தொடர்மாடிக்கு இரண்டு கட்டடம் தள்ளித்தான் அவனுடைய வீடு. கல்யாணம் கட்டவில்லை. அது பற்றி யாராவது கேட்டால் சிரிப்பான். கொப்பன்ஹேகனில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை. என்ன வேலை என்று கேட்டால் தேவமலருக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. சபையில் அவனை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது அவளுடைய கணவர் றொபேர்ட் சொல்வது இதுதான்: "இவர் என்ரை மச்சான். எரிமலையிலை தண்ணி இறைக்கிறவர்." எல்லோரும் சிரிப்பார்கள். பாலேந்திராவும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அது பகிடி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூடி பூட்டியாயிற்று. மகள் நவோமி அம்மாவின் கோட்டை எடுத்து வந்து தோளில் போட்டாள்.

ஆலயத்தில் போதகர் ஜெபித்தபோதும், பாட்டுப் பாடியபோதும், ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கற்கள் பதித்த பாதையால் குழியடிக்குப் போனபோதும் தேவமலரின் தலைக்குள் ஒரே விஷயம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. சாவதற்கு முதல் ஞாயிறு, இந்தோனேசியாவிலிருந்து வந்த களைப்புத் தீராமல் அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். குசினிக்குள் வந்து, அவள் மீன் பொரிப்பதைப் பார்த்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றான்.

"அக்கா, உன்னட்டை ஒரு விசயம் கேக்கோணும்."

"முதல் சாப்பிடு. பிறகு ஆறுதலாக் கேள்."

சாப்பிட்டு முடிய றொபேர்ட்டின் சிநேகிதர் குடும்பமாக வந்துவிட்டார்கள். பாலேந்திரா அவர்களுடைய சின்னப் பிள்ளைக்கு எதையோ கீறிக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, இருட்டுவதற்கு முன் வெளிக்கிட்டான். "கேக்க வந்ததைக் கேக்கேல்லையே?" என்று அவள் படியில் நின்று கூப்பிட்டாள். "அது அவசரமில்லை, அடுத்த கிழமை" என்று கையை ஆட்டினான்.

நெஞ்சு நோவைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறான். அவள் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தாள். மீன் கருகிவிடும் என்று பயந்து தம்பியைச் சாகக் கொடுத்துவிட்டோம் என்பதை யாரிடம் சொல்வது? றொபேர்ட்டிடம் கூடச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து, ஆலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கோப்பியும் ரோல்ஸும் பற்றிஸும் டேனிஷ்காரருக்கென்று வெண்ணெய் பூசிய பணிஸும் வைத்திருந்தார்கள். பாலேந்திராவின் அலுவலகத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து ஒரு மேசையைச் சுற்றி அமைதியாக இருந்தார்கள். ஒருவர் மட்டும் கோட்டுகள் தொங்கும் இடத்தில், கையில் பிடித்த கோப்பியைக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தேவமலர் அந்தப் பக்கம் போனதும் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, நான் ராகவேந்திரன். பாலா சார் டீம்ல நாலு வருஷமா இருக்கேன். திருச்சி பக்கம்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னிக்குப் போய் இதைக் கேக்கறது தப்புன்னு எனக்குத் தெரியும். கேக்காம வீட்டுக்குப் போனா அதைவிடப் பெரிய தப்பாயிடும். மலரக்கான்னா நீங்கதானே?"

அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட இந்த நாட்டில் ஒருத்தன்தான் இருந்தான். அவள் தலையாட்டினாள்.

றொபேர்ட் இடையில் வந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர். ஆட்களை மரியாதையாக இறக்கிவிடுவது அவருக்குப் பழக்கம். "தம்பி, இண்டைக்கு விடுங்கோ. நாளைக்கு வீட்டை வாங்கோ, இருந்து கதைப்பம்."

"நாளைக்கு லேட் ஆயிடும் சார். அங்க இந்தோனேசியாவுல விடிஞ்சதும் புது பம்ப்பெல்லாம் ஓட ஆரம்பிச்சிடும். நம்ம டைம் நடுராத்திரி."

"என்ன பம்ப்?" என்று கேட்டாள் தேவமலர்.

றொபேர்ட் அவளைத் திரும்பிப் பார்த்தார். எட்டு நாளாக அவள் எதைப் பற்றியும் கேள்வி கேட்கவில்லை.

கோட்டுகளுக்குக் கீழே இருந்த வாங்கில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நவோமி வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். ராகவேந்திரன் கையால் காற்றில் ஒரு கிண்ணம் செய்து காட்டினார். எரிமலையின் உச்சியில் வாய் திறந்திருக்கும், அதற்குள் மழைத் தண்ணீர் தேங்கி ஏரியாகிவிடும். மலை வெடித்தால் நெருப்பை விடப் பெரிய ஆபத்து அந்தத் தண்ணீர்தான். சாம்பலும் கல்லும் சேர்ந்து சுடுசேறாகி, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஊர்களுக்குள் இறங்கும். ஓடித் தப்ப நேரம் இருக்காது. அதனால் மலை சும்மா இருக்கிற காலத்திலேயே ஏரியை இறைத்துச் சிறிதாக்கி வைக்க வேண்டும். முன்னொரு காலத்தில் தோண்டிய சுரங்கம் அடைபட்டுப்போனதால் இப்போது மிதவைகளில் பம்ப் வைத்து, குழாய் போட்டு, விளிம்புக்கு மேலால் தண்ணீரை வெளியே எடுக்கிறார்கள்.

"சார் போட்ட பிளான், ஒரு நாளைக்கு அரை மீட்டர் இறக்கலாம்னு. மழை முன்னாடியே வரப்போகுதுன்னு சொல்லவும், போன வாரம் மாத்திட்டாங்க. பம்ப் மூணு மடங்கு. ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர். சார் இருந்திருந்தா எதிர்த்திருப்பார். ஏன்னு காரணம் எழுதி வெச்சிருக்காரான்னு அவர் நோட்டைப் பார்த்தேன். அவர் ஒரு பழக்கம் வெச்சிருந்தார் அக்கா. உறுதியானதை இங்கிலீஷ்ல எழுதுவார். சந்தேகம் வந்தா தமிழ்ல எழுதுவார்."

கைத்தொலைபேசியை நீட்டினார். கட்டம் போட்ட தாளின் படம். சாய்ந்த எழுத்து. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் எழுதுவான்.

*சின்னம்மா வீட்டுக் கிணறு. ரெண்டு மிசின் கூடாது.*

*வெடிப்பு முதலோ, சுவர் முதலோ?*

*மலரக்காவைக் கேக்கோணும். அவ பாத்தவ.*

"எனக்குத் தமிழ் தெரியும், ஆனா இது புரியலை" என்றார் ராகவேந்திரன். "எந்தக் கிணறு? எந்த ரெண்டு மெஷின்? அங்க ஆறு பம்ப் ஓடுது. உங்களைக் கேக்கணும்னு எழுதியிருக்கார். கேட்டாரா?"

"கேக்க வந்தவன்" என்றாள் தேவமலர்.

நெஞ்சு நோ இல்லை. இதுதான்.   கடைசி இரண்டு சொல்லிலேயே கண் நின்றது. அவ பாத்தவ.

"ஒண்டும் பாக்கேல்லை எண்டுதான் நான் அவனுக்குச் சொன்னனான்" என்றாள்.

"எதை அம்மா?" நவோமி டேனிஷில் கேட்டாள்.

தேவமலர் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.

பளையில், மணல் தரையில், சின்னம்மா வீட்டுக் கிணறு. மாரி வெள்ளம் வயலிலிருந்து உள்ளே இறங்கி, குடிக்க ஏலாமல் போயிருந்தது. வெள்ளம் வடிந்த கையோடு இறைத்துச் சுத்தம் செய்யப் போனார்கள். அவளுக்கு இருபது வயது, பாலேந்திராவுக்குப் பதினேழு. ஒரு மிசினால் இறைத்தால் இரண்டு நாள் எடுக்கும் என்று, அவன்தான் பக்கத்து வளவில் இன்னொரு மிசினை இரவல் வாங்கி வந்து பூட்டினான். பத்து மணிக்கெல்லாம் அடி தெரிந்தது. சின்னையா கயிற்றைப் பிடித்து இறங்கிச் சேறு அள்ளத் தொடங்கினார்.

"நான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டு போறன். கிணத்துக் கட்டுக்கு ரெண்டு முழம் இஞ்சாலை என்ரை கால் பெருவிரல் எதிலையோ கொளுவினது. தட்டம் சரிஞ்சு தேத்தண்ணி சிந்திப்போச்சு. குனிஞ்சு பாத்தால், நிலத்திலை ஒரு வெடிப்பு. பிறை மாதிரி வளைஞ்சு, கிணத்தைச் சுத்திப் போகுது. விரல் போகும். வரேக்கை அது இருக்கேல்லை. காலமை நான் அதிலை கூட்டினனான்."

"காலைல இல்லை. பத்து மணிக்கு இருந்துது" என்றார் ராகவேந்திரன். அவர் குரல் மாறியிருந்தது.

"எனக்கு அங்காலை காலை வைக்க மனம் வரேல்லை. ஏனெண்டும் தெரியேல்லை. வெடிப்புக்கு இஞ்சாலை நிண்டுகொண்டு, சின்னையா, மேலை வந்து குடியுங்கோ எண்டு கத்தினன். அவர் ஏசிக்கொண்டுதான் ஏறி வந்தவர். என்ரை கையிலையிருந்து தேத்தண்ணிப் பேணியை வாங்கேக்கை சுவர் இடிஞ்சு விழுந்திட்டுது. பொத்தெண்டு, ஒரு பக்கம் முழுக்க, அடிக்கு."

 மண்டபத்தின் மறுபக்கத்தில் யாரோ கரண்டியால் கோப்பையைக் கலக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் பாலேந்திராவிலை பாய்ஞ்சவை. ரெண்டாவது மிசின் போட்டதாலைதான் எண்டு. சின்னையா அந்தச் சேத்துக் கையாலை அவன்ரை கன்னத்திலை அடிச்சவர். அவன் அழேல்லை. ரெண்டு நாள் அந்தக் கிணத்தடியிலை குந்தியிருந்தான். தண்ணி நிறைய இருக்கேக்கை விழாத சுவர், தண்ணி இல்லாமல் போனாப்பிறகு ஏன் விழுந்தது எண்டு அவனுக்கு ஒரே யோசனை. என்னட்டையும் வந்து கேட்டவன். அக்கா, தேத்தண்ணி ஏன் சிந்தினது எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கை வழுக்கினது எண்டன். வெடிப்பைக் கண்டிட்டுச் சொல்லேல்லை எண்டு எனக்கும் அடி விழும் எண்டு பயம். போய்க் குளி எண்டு கலைச்சுவிட்டன்."

ராகவேந்திரன் எழுந்துவிட்டார். "உள்ள தண்ணி இருக்கும்போது அது சுவரைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கு அக்கா. வெளியில மண்ணுக்குள்ளயும் தண்ணி ஊறியிருக்கு. உள்ள இருக்கிறதை வேகமா எடுத்துட்டா, மண்ணுக்குள்ள இருக்கிறது அதே வேகத்துல வடியாது. அது சுவரை உள்பக்கமாத் தள்ளும். மெதுவா எடுத்தா ரெண்டும் சேர்ந்து இறங்கும். சார் அரை மீட்டர்னு சொன்னது அதுக்குத்தான்." அவர் தொலைபேசியைத் தேடினார். அது இன்னும் அவள் மடியில் இருந்தது. "அங்க இருக்கிறது கிணத்துச் சுவர் இல்லை. சாம்பல் மேடு. ஒரு பெரிய துண்டு ஏரிக்குள்ள விழுந்தா, தண்ணி எகிறி விளிம்பைத் தாண்டிடும். எதைத் தடுக்கப் போனோமோ அதை நாமே பண்ணின மாதிரி ஆயிடும்."

அலுவலக மேசையிலிருந்து அவர்களுடைய மேலாளரைக் கூட்டி வந்தார். வெள்ளைத் தலைமுடியுள்ள உயரமான பெண். ராகவேந்திரன் டேனிஷில் வேகமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தயக்கத்தோடு சொன்னாள்: "ஒரு கிணற்றை வைத்து நான் அட்டவணையை மாற்ற முடியாது. எனக்குக் கணக்கு வேண்டும்."

"கணக்கு நான் இன்று மாலைக்குள் தருகிறேன். அதுவரை ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

அந்தப் பெண் தேவமலரைப் பார்த்தாள். அனுதாபம் சொல்வதற்குத் தயாராக இருந்த முகம், வேறொன்றுக்காகத் திரும்பியது. "வெடிப்பு முதலில் வந்தது என்று உங்களுக்கு நிச்சயமா?"

"நிச்சயம்" என்றாள் தேவமலர் டேனிஷில். "என் காலில் பட்டது."

வெளியே வாசலில் நின்று, ஒலிபெருக்கியில் போட்டு, மலைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அங்கே இரவு எட்டு மணி. பொறுப்பில் இருக்கும் இந்தோனேசியப் பெண்ணின் குரல் காற்றோடு வந்தது. ராகவேந்திரன் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே, ஒவ்வொன்றையும் தேவமலருக்குத் தமிழில் சொன்னார். முதலில் அந்தப் பெண் சுருக்கமாகப் பதில் சொன்னாள். வளைந்த வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சு நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நவோமி எட்டிப் பார்த்தாள்.

"இருக்காம்" என்றார் ராகவேந்திரன். "உள்சரிவுல, வடக்குப் பக்கம். அஞ்சாறு நாளா இருக்காம். காய்ஞ்ச சேறு வெடிச்சிருக்குன்னு நினைச்சாங்களாம். உங்க கிணத்துல, வெடிப்பைப் பார்த்ததுக்கும் சுவர் விழுந்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு கேக்கறாங்க."

"தேத்தண்ணி ஆறேல்லை."

அவர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். 

"அந்த வெடிப்புக்குக் கீழை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டாள் தேவமலர். இது அவர்கள் கேட்காத கேள்வி. ராகவேந்திரன் கேட்டார். 

"பம்ப் பாத்துக்கறவங்க கூடாரம் அங்கதான் இருக்கு. பதினோரு பேர்."

"மேலை வரச் சொல்லுங்கோ. காரணம் பிறகு சொல்லலாம். தேத்தண்ணிக்கெண்டாவது கூப்பிடச் சொல்லுங்கோ."

மேலாளர் எதுவும் புரியாமல் நின்றாள். நவோமி அம்மா சொன்னதை டேனிஷில் சொன்னாள். மேலாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு, தொலைபேசிக்குக் குனிந்து, ஆங்கிலத்தில் தெளிவாக, இது தன்னுடைய உத்தரவு என்று சொன்னாள்: ஆட்கள் இப்போதே மேலே வரட்டும். காலையில் எந்தப் புதுப் பம்பும் ஓடக் கூடாது.

பிறகு காத்திருப்பு. மண்டபத்தில் ஆட்கள் கைகொடுத்துப் பிரிந்துகொண்டிருந்தார்கள். தேவமலர் எல்லோருக்கும் கைகொடுத்தாள். யார் என்ன சொன்னார்கள் என்பது காதில் ஏறவில்லை. ராகவேந்திரன் ஒரு மூலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். ஐம்பது நிமிடம் கழித்து அவர் தலையை நிமிர்த்தி, மண்டபத்தின் குறுக்கே அவளைத் தேடினார்.

"ஏறிட்டாங்க அக்கா. பதினோரு பேரும். வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் முளை அடிச்சு அளந்துட்டிருக்காங்க. அரை மணி நேரத்துல ஒரு விரக்கடை கூடியிருக்காம்."

"சுவர் விழுமோ?"

"தெரியலை. விழலாம். மெதுவாப் போனா நிக்கவும் நிக்கலாம்." அவர் சிரிக்க முயன்றார். "இதை நான் தமிழ்லதான் எழுதி வெக்கணும்."

அவள் அவருடைய கோப்பியை எடுத்து, ஆறிப்போனதை ஊற்றிவிட்டு, புதிதாக ஒன்று வார்த்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

றொபேர்ட் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிறுத்தினார். "முப்பத்தெட்டு வருசம். எனக்கும் சொல்லேல்லை நீர்."

"நீங்கள் கேக்கேல்லை."

"தேத்தண்ணி ஏன் சிந்தினது எண்டு நான் என்னெண்டு கேக்கிறது?"

அவள் ஒரு கதிரையை எடுத்து மற்றதன் மேல் வைத்தாள். அவர் அதை வாங்கி நேராக்கினார்.

"அவனுக்குத் தெரியும்" என்றாள் கொஞ்சம் கழித்து. "அண்டைக்கே தெரியும். ஒரு நாளும் என்னை..." அதோடு விட்டுவிட்டாள்.

நவோமி காரை எடுக்கப் போனாள். வெளியே மூன்று மணி கூட ஆகவில்லை, ஆனால் நவம்பர் வெளிச்சம் ஏற்கெனவே மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. இயந்திரத்தின் சத்தம் கேட்டு தேவமலர் கல்லறைகள் இருந்த சேமக்காலைப் பக்கம் நடந்தாள். எல்லோரும் போன பிறகுதான் குழியை மூடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் போய்ப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

மஞ்சள் நிறச் சின்ன இயந்திரம் ஒன்று களிமண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற மனிதர் அவளைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தி, தொப்பியைக் கழற்றினார். தான் போய்விட்டுப் பிறகு வரட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம், செய்யுங்கள்" என்றாள். அப்போதுதான் குழியின் இரண்டு பக்கமும் கனமான பலகைகள் நிறுத்தியிருப்பதைக் கண்டாள். பெட்டி இறங்கும்போது பச்சைத் துணி மூடியிருந்ததால் தெரிந்திருக்கவில்லை. "அந்தப் பலகைகள் எதற்கு?"

"மண் உள்ளே சரியாமல் இருக்க. இந்த மாதங்களில் நிலம் நல்ல ஈரம்."

"அவற்றையும் உள்ளே விட்டு மூடிவிடுவீர்களா?"

"இல்லை, வெளியே எடுத்துவிடுவேன்."

"எப்போது? மண்ணை முழுக்கப் போட்ட பிறகா, அதற்கு முதலேயா?"

அவர் அவளைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். பிறகு இறங்கி வந்து, சேற்றுக் கையுறையால் சுட்டிக் காட்டத் தொடங்கினார்: இவ்வளவுக்கு மண் போட வேண்டும், பிறகு பலகையை இவ்வளவு தூக்க வேண்டும், மறுபடி மண். சப்பாத்து சேற்றில் அழுந்துவதைப் பார்க்காமல் தேவமலர் விளிம்புக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள்.

"ஒரேயடியாகத் தூக்கினால்?" என்று கேட்டாள்.